பெட்டி சாகலை... அடாப்டர்தான்!

என் மகள் இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்குக் கல்லூரிகளைப் பதிவு செய்யக் கடைசி நாள். 2018 முதல் எல்லாம் ஆன்லைனில்தானே! அன்று பார்த்து, ஏழு வருஷமாக உழைத்த வை-ஃபை ரவுட்டர் மக்கர் பண்ணியது. விளக்கு எரியும், அணையும். மறுபடி எரியும், அணையும். எங்கள் தெருவில் செல்போன் சிக்னலும் சரியில்லை. "புதுசுதான் வாங்கணும்" என்று தலையில் கை வைத்தார் கணவர்.

பக்கத்து வீட்டுத் தம்பி, தன் வீட்டு அடாப்டரைக் கொண்டு வந்து செருகினான். இரண்டே நிமிஷத்தில் ரவுட்டர் வேலை செய்தது! மகளும் பதிவை முடித்துவிட்டாள். அடாப்டருக்குள் இருக்கும் கெபாசிட்டர் பழசானால், விளக்கு எரியுமாம். பெட்டி ஓட கரண்ட் போதாதாம்.

தோழிகளே, பெட்டியைத் தூக்கிப் போடுமுன் அடாப்டரை மாற்றிப் பாருங்கள். வோல்ட், பின், பிளஸ்-மைனஸ் குறி அதேதானா, ஆம்பியர் குறையவில்லையா என்று பார்த்து வாங்குங்கள்.

- ஒரு வாசகி, நிலக்கோட்டை.