கும்பகருணன் எவ்வகை மனிதன்?



கும்பகருணன் என்ற பெயரைக் கேட்டவுடனே நம் நினைவுக்கு வருவது யாது? உறக்கம். விடிந்த பின்னும் துயிலும் பிள்ளையை அப்பெயரால் அழையாத இல்லம் நம்மிடையே அரிது எனலாம். மாபெரும் பாத்திரம் ஒன்றை ஒரே பழக்கத்துள் அடக்கிவிட்டோம். மனிதரை வகைப்படுத்தும் உளவியற் கொள்கைகளைக் கொண்டு காவிய மாந்தரை ஆராயலாமா? ஆராய்ந்தால் பெறும் பயன் யாது? அவ்வாராய்ச்சியின் எல்லை எது? இவையே இன்று நாம் எடுத்துக்கொண்ட வினாக்கள். அவற்றுக்குக் கம்பன் படைத்த கும்பகருணனையே உரைகல்லாகக் கொள்வோம்.

மனிதரை வகுத்தறியும் ஆசை மிகப் பழையது. அரிஸ்டாட்டிலின் மாணாக்கரான தியோபிராஸ்டஸ், முகத்துதி செய்வோன், வாயாடி, கோழை என முப்பது குணச் சித்திரங்களைத் தீட்டினார். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கலென் என்ற மருத்துவர், குருதி, மஞ்சட் பித்தம், கரும் பித்தம், சளி என்னும் நான்கின் கலப்புக்கு ஏற்பவே மனப்பாங்கு அமையும் எனக் கருதினார். இக்கொள்கை பிற்காலத்தில் ஆங்கில நாடக மேடையிலும் ஏறிற்று. 1598இல் அரங்கேறிய பென் ஜோன்சனின் நாடகம் ஒன்று இக்கொள்கையைத் தன் பெயரிலேயே தாங்கி நின்றது. அதில் நடித்தவருள் ஷேக்ஸ்பியரும் ஒருவர். நம்முடைய மரபோ சத்துவம், இராசதம், தாமதம் என முக்குணம் பேசிற்று. வீடணன் சத்துவம், இராவணன் இராசதம், கும்பகருணன் தாமதம் என இலங்கை வேந்தனின் உடன்பிறந்தாரை வகுத்துக் காட்டும் வழக்கும் நம்மிடம் உண்டு.

இப்பழைய ஆசைக்குப் புதிய வடிவம் தந்தவர் சுவிற்சர்லாந்து நாட்டு உளமருத்துவரான கார்ல் யுங். 1921இல் வெளியான தமது நூலில், மனத்தின் ஆற்றல் உள்நோக்கிப் பாயும் அகமுகி, வெளிநோக்கிப் பாயும் புறமுகி என மாந்தரை அவர் இருபாற்படுத்தினார். சிந்தனை, உணர்வு, புலனறிவு, உள்ளுணர்வு என்னும் நான்கு தொழிற்பாடுகளுள் ஒன்று ஒவ்வொருவரிடத்தும் ஓங்கி நிற்கும் என்றார். இவ்விரண்டையும் அந்நான்கோடு உறழ எட்டு வகைகள் பிறக்கும். ஆயின், ஓங்கி நிற்கும் தொழிற்பாட்டுக்கு எதிரானது அழிந்துபோவதில்லை. அது மனத்தின் இருளில் மறைந்து கிடந்து, நெருக்கடி வேளையில் எழுந்து வரும் என்றும் அவர் கூறினார். இதனை நாம் நினைவில் இருத்துதல் வேண்டும்.

யுங்கின் கொள்கையை வினாத்தாள் வடிவாக்கியவர்கள் அமெரிக்கரான கதரின் பிறிக்ஸ் என்ற தாயும், இசபெல் மையர்ஸ் என்ற மகளுமாவர். அவர்களது அளவை மாந்தரைப் பதினாறு வகைகளாக்கி, ஒவ்வொரு வகைக்கும் நான்கு எழுத்துகளால் ஆன குறியீடு ஒன்றைச் சூட்டிற்று. அதன் கைந்நூல் 1962இல் வெளியாயிற்று. இவ்விசபெல் அம்மையார் இப்பணியில் இறங்குமுன் துப்பறியும் நாவல் எழுதியவர் என்பது சுவையான செய்தி. கதைமாந்தரைப் படைத்த கையே பின்னர் மெய்மாந்தரை வகுக்கவும் முற்பட்டது. இன்று அந்தப் பதினாறு வகைகளுள் காவிய மாந்தரையும் நாவல் மாந்தரையும் பொருத்திப் பார்ப்பது இளைஞர் பலருக்கு விருப்பமான பொழுதுபோக்காகிவிட்டது.

நாமும் கும்பகருணனைப் பொருத்திப் பார்ப்போம். போர்க்காலத்தில் அவனைப் பெரும்பாடுபட்டு எழுப்புகின்றனர். எழுந்தவன் அண்ணனிடம் சென்று, சீதையை விடுவித்துப் பகையைத் தீர்த்துக்கொள்க என்று ஒளிவுமறைவின்றி இடித்துரைக்கின்றான். முகத்துக்கு அஞ்சாது, விளைவை எடைபோட்டுப் பேசும் இவனைச் சிந்தனை வகையினன் என்று ஒருவர் கூறலாம். இராவணன் சினந்து ஏசுகின்றான். அறிவுரை பயன்படாது என்று கண்ட தம்பி, தான் மீளப்போவதில்லை என்பதை உணர்ந்தும் அண்ணனுக்காகப் போர்க்களம் புகுகின்றான். அன்பின் பொருட்டு உயிரையே ஈயும் இவன் உணர்வு வகையினன் என்று மற்றொருவர் கூறலாம். இருவர் கூற்றுக்கும் காவியத்திலே சான்று உண்டு. எனின், எவர் கூற்று மெய்?

இங்கேதான் இம்முறையின் முதல் இடர்ப்பாடு புலனாகின்றது. வினாத்தாளுக்கு விடையளிக்க வேண்டியவர் ஆராயப்படுபவரே. காவிய மாந்தரோ விடையளிக்க இயலாதோர். அவர்களுக்காக நாமே விடையெழுதுகின்றோம். ஆகவே கிடைக்கும் வகை பாத்திரத்தைக் காட்டும் அளவுக்கு நம்மையும் காட்டிவிடுகின்றது. இரண்டாவது இடர்ப்பாடு வகைகளைப் பற்றியது. மெய்யான மாந்தரிடத்தும் இவை உறுதியாய் நிற்பதில்லை. அகமுகிக்கும் புறமுகிக்கும் இடைப்பட்ட நிலையிலேயே மிகப் பலர் உள்ளனர். சில வாரங்கள் கழித்து அதே வினாக்களுக்கு விடையளிப்போருள் கணிசமானோர் வேறு வகையினராய் மாறிவிடுகின்றனர். இதனாலேயே இன்றைய உளவியலாளர் பலர், மனிதரைப் பெட்டிகளில் இடாது, ஒவ்வொரு பண்பும் எவ்வளவு உண்டு என அளவிடும் முறையையே விரும்புகின்றனர்.

அவ்வாறாயின் வகைப்படுத்தல் வீண்வேலையோ? அன்று. வகை என்பது ஒரு பாத்திரத்தின் வழக்கத்தை நமக்கு உணர்த்துகின்றது. வழக்கம் இன்னது என்று அறிந்தாலன்றி, அது உடைபடும் இடம் நமக்குப் புலப்படாது. ஆங்கில நாவலாசிரியர் இ. எம். போஸ்டர் 1927இல் வெளியிட்ட நூலில், பாத்திரங்களைத் தட்டையானவை, முழுமையானவை என இருவகைப்படுத்தினார். நாம் ஏற்கத்தக்க வகையில் நம்மை வியப்பில் ஆழ்த்தவல்லதே முழுமையான பாத்திரம் என்பது அவர் கருத்து. கும்பகருணன் அத்தகையவன். போர்க்களத்தில் வீடணன் வந்து, இராமன்பால் சேர்ந்து உய்க என அழைக்கின்றான். அறம் எப்பக்கம் என்பதைக் கும்பகருணன் நன்கு அறிவான். எனினும் செஞ்சோற்றுக் கடனை மறந்து செல்ல அவன் உடன்படவில்லை. தம்பியை வாழச் சொல்லி அனுப்பிவிட்டுத் தான் மடிகின்றான். உறங்குவோன் என உலகு இகழ்ந்தவனே அக்களத்தில் யாவரினும் விழிப்புடன் நிற்கின்றான். தாமத குணத்தோன் என்ற முத்திரையை மட்டும் கொண்டவர் இக்காட்சியைக் காணார். அம்முத்திரையை அறியாதவரோ இதன் வியப்பை உணரார்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் வகுத்த முறை இங்கு எண்ணத்தக்கது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டினை அவர் கூறினார். அவை மனிதரின் வகைகள் அல்ல. மனிதரிடத்தே தோன்றும் நிலைகள். அவர் நகைப்போன் என ஓர் ஆளை வகுக்கவில்லை; நகை எவ்வெவற்றால் பிறக்கும் என்றே ஆராய்ந்தார். ஒருவன் யார் என்று கேட்பதோடு நில்லாமல், இவ்வேளையில் அவனுள் நிகழ்வது யாது என்று கேட்பதும் நல்லாசிரியர்க்கும் நல்வாசகர்க்கும் உரிய நெறியாகும்.

இதனை நான் நூலில் மட்டும் கற்கவில்லை. ஆசிரியப் பணியின் தொடக்க ஆண்டுகளில் என் வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். முதற் பாடவேளையிலேயே கண்ணயர்ந்துவிடுவான். பிள்ளைகள் அவனைக் கும்பகருணன் என்று அழைத்தனர், நானும் தடுக்கவில்லை. அவனுடைய தேர்ச்சி அறிக்கையில் "மந்த சுபாவம்" என எழுதினேன். அறிக்கையில் ஒப்பமிட வந்த அவன் தாயார் அதனை வாசித்துச் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், தகப்பனார் நோயுற்ற நாள் முதல் தோட்டத்து இறைப்பு முழுவதும் அவன் பொறுப்பு என்றும், அதற்காக மூன்று மணிக்கே எழுந்துவிடுவான் என்றும் அமைதியாகக் கூறினார். நான் சுபாவம் என்று எழுதியது வெறும் களைப்பு. அச்சொல்லை அடித்துவிட்டேன், அடித்த கோடு அறிக்கையில் நின்றுவிட்டது. அன்று முதல் ஒரு பிள்ளையைப் பற்றி ஒரே சொல்லில் எழுத நேரும்போதெல்லாம் என் பேனா தயங்குகின்றது.

ஆகவே நேயர்களே, காவிய மாந்தரை வகைப்படுத்திப் பாருங்கள். அது நல்ல பயிற்சி. வகை கிடைத்தவுடன் நூலை மூடிவிடாதீர்கள். அவ்வகைக்குள் அடங்காத செயல் எது என்று தேடி இன்னுமொரு முறை படியுங்கள். அங்கேதான் கவிஞன் இருக்கின்றான். இல்லத்தில் விடிந்த பின்னும் உறங்கும் பிள்ளையைக் கும்பகருணன் என்று அழைக்க நா எழும்போது, அவன் எத்தனை மணிக்கு உறங்கச் சென்றான் என்பதையும் ஒருகால் கேட்டுப் பாருங்கள்.