ஊர்ப்பெயரும் கடைப்பெயரும்

கோவில்பட்டியில் கடலைமிட்டாய் செய்யும் எவரும் ‘கோவில்பட்டி’ என்ற சொல்லைத் தமக்கு மட்டுமே உரிய வணிகக் குறியாகப் பதிவு செய்துகொள்வது எளிதன்று. ஒரு பொருள் எந்த ஊரிலிருந்து வருகிறது என்பதை மட்டும் சொல்லும் சொல், நீண்ட காலப் புழக்கத்தால் ஒரே வணிகரை நினைவூட்டும் அளவுக்கு மாறியிருந்தாலன்றி, தனியுடைமை ஆகாது என்று 1999ஆம் ஆண்டு வணிகக் குறிகள் சட்டத்தின் 9ஆம் பிரிவு தடுக்கிறது. ஆகவே பொட்டலத்தின் மேலுள்ள ஊர்ப்பெயர் ஊராரின் பொதுச்சொத்தாகவும், அதன் அருகே அச்சாகும் கடைப்பெயர் ஒருவரின் தனிச்சொத்தாகவும் நிற்கின்றன. இரண்டுக்கும் காவல் நிற்கும் சட்டங்களும் வெவ்வேறு.

கடைப்பெயரைப் பற்றிய வழக்குகளில் தமிழகம் மறக்க முடியாதது திருநெல்வேலி இருட்டுக்கடை அல்வா வழக்கு. ‘இருட்டுக்கடை அல்வா’ என்ற பெயருக்கு முன்னால் ‘திருநெல்வேலி’யைச் சேர்த்துக்கொண்டு வணிகம் நடத்திய இன்னொருவர், தம் பெயரும் பதிவு பெற்றதே என்று வாதிட்டார். பதிவு பெற்ற இருவர் ஒருவர்மீது ஒருவர் பதிவுரிமை மீறல் வழக்குத் தொடுக்க இயலாது என்பது உண்மைதான். ஆனால் பிறர் தேடிய நற்பெயரைக் காட்டித் தன் சரக்கை விற்பதைத் தடுக்கும் உரிமை, அதாவது வழக்கறிஞர்கள் ‘பாசிங் ஆஃப்’ என்று சொல்வது, பதிவுக்கு முன்பிருந்தே பொதுச்சட்டத்தில் வேரூன்றியது என்பதால், முதலில் பயன்படுத்தியவரின் உரிமையே மேலோங்கும் என்று உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் தீர்த்தது. பதிவுச் சான்றிதழைச் சட்டமிட்டு மாட்டிவிட்டால் போதும் என்று நம்பியிருந்த சிறு வணிகர் பலருக்கு இது சற்றே கசப்பான செய்தியாக இருந்திருக்கும்.

ஊர்ப்பெயரைக் காக்கும் வழி, 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறையில் உள்ள புவிசார் குறியீட்டுச் சட்டம். ஒரு பொருளின் தரமோ புகழோ அது விளையும் அல்லது உருவாகும் இடத்தோடு பிணைந்திருப்பதே இக்குறியீட்டின் அடிப்படை. கோவில்பட்டி வட்டாரக் கடலைமிட்டாய் உற்பத்தியாளர், விற்பனையாளர் சங்கம் 2014இல் சென்னையிலுள்ள பதிவகத்தில் விண்ணப்பித்து, 2020 ஏப்ரல் 30 அன்று குறியீட்டைப் பெற்றது. அந்தப் பிணைப்பைக் காண மிட்டாயையே பார்த்தால் போதும்: கரிசல் மண்ணில் விளைந்த நிலக்கடலையை வறுத்துத் தோல் நீக்கி, உடைத்த பருப்பை, தாமிரபரணித் தண்ணீரில் காய்ச்சிய வெல்லப்பாகில் கொட்டிக் கிளறி, சூடு ஆறுமுன் தட்டையாக உருட்டித் துண்டு போட்டு, மேலே சாயமேற்றிய தேங்காய்த் துருவலைத் தூவுகிறார்கள். பாகு ஒரு பதம் முந்தினால் மிட்டாய் பல்லில் ஒட்டும். பிந்தினால் வெல்லம் கசந்துவிடும்.

இக்குறியீட்டை எவருக்கும் விற்கவோ எழுதிக்கொடுக்கவோ முடியாது. சங்கம் பதிவு பெற்றுவிட்டது என்பதால் மட்டும் ஊரிலுள்ள எல்லாக் கடைகளுக்கும் அதன் முழுக் காப்பும் வந்துவிடுவதில்லை, ஒவ்வொரு தயாரிப்பாளரும் தம்மை ‘அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்’ என்று தனித்தனியே பதிந்துகொள்ள வேண்டும். அடுத்தடுத்த இரு கடைக்காரர்களும் அவ்வாறு பதிந்துவிட்டால், ஊர்ப்பெயரில் அவர்களுக்குள் வழக்கில்லை. மிச்சமிருக்கும் கடைப்பெயரில் தகராறு வந்தால், எது முந்தியது என்பதற்குச் சாட்சி சொல்லப்போவது பழைய பில் புத்தகங்களும் மங்கிய லேபிள்களும்தாம். அவற்றைத்தான் பல கடைகளில் ஆண்டுக்கொருமுறை பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிடுகிறார்கள்.