செய்திக்கு விலை தருபவர் யார்?

மத்திகிரியிலிருந்து ஓசூர் ஆலைகளுக்குப் பணிக்குச் செல்வோரில் பலர் இன்று கைப்பேசியிலேயே செய்தி படிக்கின்றனர். பெரும்பாலும் காசு கேட்பாரில்லை. அங்ஙனமாயின் செய்தி திரட்டுவோர்க்கு ஊதியம் தருபவர் யார்?

நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணையம் 1995 ஆகஸ்டு 15-ஆம் நாள் திறந்துவிடப்பட்டது. அதே ஆண்டில் 'தி இந்து' நாளிதழும் இணையத்தில் கால்பதித்தது. செய்தியை இலவசமாய் வழங்கினால் வாசகர் பெருகுவர், விளம்பரம் செலவை ஈடு செய்யும் என்பதே அந்நாளில் உலகெங்கும் பல இதழ்கள் கொண்டிருந்த நம்பிக்கை. ஆனால் விளம்பரப் பணத்தின் பெரும்பங்கு நாளடைவில் தேடுபொறிகளுக்கும் சமூக வலைத்தளங்களுக்கும் போய்ச் சேர்ந்தது.

சந்தா கேட்பதும் எளிதாயிருக்கவில்லை. அமெரிக்காவின் 'ஸ்லேட்' இதழ் 1998-இல் சந்தா விதித்து, மறு ஆண்டே கைவிட்டது. 'நியூயார்க் டைம்ஸ்' 2005-இல் தன் பத்தி எழுத்தாளர்களின் கட்டுரைகளுக்குக் கட்டணம் வைத்து, 2007-இல் நீக்கியது. 2011-இல், மாதம் குறிப்பிட்ட அளவு கட்டுரைகளை இலவசமாய்த் தந்து, அதற்கு மேல் படிப்போரிடம் சந்தா பெறலாயிற்று; அம்முயற்சி நிலைத்தது.

இதில் நமக்கொரு பாடம் உண்டு. விளம்பரம் தருவோர் பெருங்கூட்டத்தையே நாடுவர். நம்மூர்க் குடிநீரையும் சாலையையும் பற்றிய செய்தியால் அவர்களுக்கு ஆதாயம் சிறிதே. அதை நேரில் கண்டு, விசாரித்து எழுதுபவரைத் தாங்க வல்லவர் வாசகரே. ஆகவே அச்சிலாயினும் இணையத்திலாயினும், நம்பத்தக்க ஓர் இதழின் சந்தாவுக்கு நம் குடும்பச் செலவில் சிறுதொகை ஒதுக்குவோமாக.