ரெண்டு கல், 900 வருஷம்

இந்தியா–ஆஸ்திரேலியா உறவுன்னதும் நமக்கு ஞாபகம் வர்றது கிரிக்கெட்தான். 1996லிருந்து பார்டர்–கவாஸ்கர் கோப்பை நடக்குது. 2023 மார்ச்ல அகமதாபாத் டெஸ்ட்டைப் பார்க்க ரெண்டு நாட்டுப் பிரதமர்களும் சேர்ந்தே வந்தாங்க. ஆனா இந்த உறவுல கடலூர் மாவட்டத்துக்கும் ஒரு பங்கு இருக்கு. இன்னிக்கு அதைப் பத்திப் பேசலாம்.

அதுக்கு முன்னாடி சிதம்பரம் போயிட்டு வந்துடுவோம். நடராசர் கோயில்ல 1114ஆம் வருஷத்துக் கல்வெட்டு ஒண்ணு இருக்கு. காம்போஜ அரசர், அதாவது இன்னைய கம்போடியாவோட ராஜா, முதலாம் குலோத்துங்க சோழனுக்கு ஒரு கல்லைப் பரிசா கொடுத்தார். மன்னர் உத்தரவுப்படி அதைக் கோயில் சுவர்ல வெச்சாங்கன்னு அது சொல்லுது. அங்கோர் வாட் கட்டிய இரண்டாம் சூரியவர்மன் ஆட்சிக்கு வந்தது 1113ல். கிட்டத்தட்ட அதே சமயம்!

கல்லைக் கொடுத்ததும் ஒரு ராஜதந்திரம்தான். யார் கொடுத்தது, யாருக்கு, எங்கே வெச்சாங்கன்னு எல்லாத்தையும் அங்கேயே எழுதியும் வெச்சாங்க. நம்ம பாஷையில சொன்னா, பக்காவா ஒரு லாக் என்ட்ரி.

அங்கிருந்து சரியா 900 வருஷம் தாண்டி வாங்க. 2014 செப்டம்பர்ல ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் டெல்லி வந்தப்போ, ரெண்டு சிலைகளை நம்ம பிரதமர்கிட்ட ஒப்படைச்சார். ஒண்ணு அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராசர். கான்பெராவுல இருக்கிற தேசிய கலைக்கூடம் அதை 2008ல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியிருந்தது. இன்னொண்ணு நம்ம கடலூர் மாவட்டம் விருத்தாசலம் விருத்தகிரீஸ்வரர் கோயில் அர்த்தநாரீஸ்வரர், கல் சிலை. அது 2004ல் சிட்னியில இருக்கிற ஆர்ட் கேலரி ஆஃப் நியூ சவுத் வேல்ஸுக்குப் போயிருந்தது. ரெண்டையும் வித்தது நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூர். வேறொரு சிலைத் திருட்டு வழக்குல அவருக்கு 2022ல் கும்பகோணம் நீதிமன்றம் 10 வருஷம் சிறைத்தண்டனை கொடுத்தது.

சரி, அது விருத்தாசலம் சிலைதான்னு எப்படித் தெரிஞ்சுது? 1970லயே டெல்லியில விற்பனை ஆயிடுச்சுன்னு ஒரு ரசீதைக் காட்டித்தான் சிலையை வித்திருந்தாங்க. ஆனா புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தோட படத் தொகுப்புல, 1974ல் எடுத்த ஒரு போட்டோ இருந்துது. அதுல சிலை கோயில்லதான் இருக்கு! 1970ல் வித்துப்போன சிலை 1974ல் கோயில்ல எப்படி நிக்கும்? ரெண்டு டைம்ஸ்டாம்ப்பை ஒப்பிட்டதும் பொய் வெளிய வந்துடுச்சு.

கடலூர்லேர்ந்து பஸ் ஏறினா ஒரு மணி நேரத்துக்குள்ள போய்ச் சேர்ற ஊர்ல, ஒரு அலமாரியில இருந்த படம் அது. பிரதமர்கள் கைகுலுக்கினது நமக்கு டிவியில தெரிஞ்சுது. அதுக்கு 40 வருஷம் முன்னாடி கேமராவோட அந்தக் கோயிலுக்குப் போன ஆளோட வேலை யாருக்கும் தெரியல. ஆனா அந்தப் படம் இல்லேன்னா, நம்மோடதுன்னு எதை வெச்சுக் கேட்டிருப்போம்?

படமே இல்லாத சின்னக் கோயில்கள் இன்னும் எத்தனையோ இருக்கு. அதனால ஊருக்குப் போறப்போ உங்க கோயில்ல அனுமதி கேட்டு, சுவர்ல இருக்கிற ஒவ்வொரு சிலையையும் படம் எடுங்க. தேதி, இடம் ரெண்டையும் குறிச்சு பத்திரமா வெச்சுக்கோங்க. 1114ல் கல்லுல வெட்டி வெச்சதை நாம போன்லயாவது செய்யலாமே.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.