மலை ஒண்ணும் பேக்கிரவுண்ட் இல்ல பாஸ்!

கொடைக்கானல்னு சொன்னதும் உங்க மனசுல ஓடுற ரீல் என்ன? பனிமூட்டம், ஸ்வெட்டர் போட்ட ஹீரோ, ஒரு டூயட். இல்லேன்னா குகை! 1991-ல் 'குணா' ரிலீஸான பிறகு 'டெவில்ஸ் கிச்சன்' என்ற பேரே அவுட்டாகி 'குணா குகை' ஆகிடுச்சு. 2024-ல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' வந்ததும் மறுபடி எல்லோரும் அந்தக் குகையைப் பத்தித்தான் பேசினாங்க. ஒரு இடத்தோட பேரையே மாத்துற சக்தி சினிமாவுக்கு இருக்கு. ஆனா, அந்த மலையில குடியிருக்கிறவங்களை அது எத்தனை தடவை திரும்பிப் பார்த்திருக்கு?

கொடைக்கானல் டவுன்ல இருந்து பூம்பாறை, மன்னவனூர்னு பஸ் வளைஞ்சு வளைஞ்சு போனா எங்க ஊர் கவுஞ்சி. உருளை, கேரட், பூண்டு, பீன்ஸ்னு மலைச்சரிவு முழுக்கப் படிக்கட்டு வயல். இங்கே பனி ரொமான்ஸ் சமாசாரம் இல்லை. ராத்திரி உறைபனி இறங்கினா, காலையில செடி கருகி நிக்கும். அது எங்களுக்கு வயித்துப் பிழைப்பு!

மலையையும் கிராமத்தையும் அங்கே வாழற மனுஷங்க பக்கத்துல இருந்து பார்க்கிற படங்கள் உலகம் பூரா இருக்கு. இதோ, மூணு அனிமேஷன், மூணு நிஜ ஆளுங்க நடிச்சது. செமஸ்டர் லீவுக்கு ரெடியா?

நோட்டைக் கொடுத்துட்டு வர்றேன்!

'வேர் ஈஸ் தி ஃபிரெண்ட்ஸ் ஹவுஸ்?' - ஈரான், 1987. டைரக்டர் அப்பாஸ் கியாரஸ்தமி. கிளாஸ்மேட்டோட நோட்டு தவறுதலா தன் பையில வந்துடுச்சு. நாளைக்கு நோட்டு இல்லாம போனா அவனை ஸ்கூலை விட்டே அனுப்பிடுவார் வாத்தியார். எட்டு வயசுப் பையன், குன்று மேல வளைஞ்சு போற ஒத்தையடிப் பாதையில பக்கத்து ஊருக்கு ஓடறான். அவ்வளவுதான் கதை. ஆனா, நகத்தைக் கடிச்சுக்கிட்டே பார்ப்பீங்க. 1990-ல் அந்தப் பகுதியை பூகம்பம் உலுக்கியது. நடிச்ச பசங்க உயிரோடு இருக்காங்களான்னு தேடிப் போனார் கியாரஸ்தமி. அந்தத் தேடலே 1992-ல் இன்னொரு படமாச்சு.

ஒரு நாளைக்கு 100 விதை

'தி மேன் ஹூ பிளான்டட் ட்ரீஸ்' - கனடா, 1987. அரை மணி நேர அனிமேஷன், ஆஸ்கர் வாங்கியது. டைரக்டர் ஃபிரெடெரிக் பேக். வறண்ட மலையில தனியா ஆடு மேய்க்கிற ஒருத்தர், தினமும் 100 ஓக் விதைகளை ஊன்றுகிறார். வருஷங்கள் ஓடினதும் காடு வருது, ஓடை வருது. இதைப் பார்த்துட்டு எங்க மலைக்கு வாங்க. பழனி மலையோட இயற்கையான புல்வெளிகள்ல முன்பு வாட்டில், பைன், தைல மரம்னு வெளியூர் மரங்களை நட்டாங்க. புல்வெளி சுருங்கிடுச்சு. அந்த மண்ணுக்கு எந்த மரம்னு தெரியாம நட்டா, பச்சையா தெரியுற எல்லாமே காடு ஆகிடாது மக்களே!

40 வருஷ 'கா'

'ராம்ஸ்' - ஐஸ்லாந்து, 2015. மன்னவனூர் ஆட்டுப் பண்ணையில செல்ஃபி எடுத்த எல்லாரும் பார்க்க வேண்டிய படம். பக்கத்துப் பக்கத்து வீட்டுல இருக்கிற அண்ணன் தம்பி, 40 வருஷமா பேச்சுவார்த்தை கிடையாது. தகவல் சொல்லணும்னா நாய் வாயில சீட்டு! ஆடுகளுக்கு நோய் வந்து, மொத்த மந்தையையும் கொல்லச் சொல்லி உத்தரவு வருது. ஆடு என்பது சொத்து இல்ல, குடும்பம்னு புரியும். கான் விழாவில் 'அன் சர்டெய்ன் ரிகார்ட்' பிரிவின் முதல் பரிசு வாங்கிய படம்.

வசனமே இல்ல!

சப்டைட்டில் படிக்கச் சோம்பலா? 'ஷான் தி ஷீப் மூவி' - பிரிட்டன், 2015. ஞாபகம் தப்பி சிட்டியில தொலைஞ்சுபோன விவசாயியைத் தேடி ஆடுங்க கிளம்புது. ஆட்டுக்கு ரோமம் கத்தரிச்ச கை, அங்கே ஃபேமஸ் ஹேர் ஸ்டைலிஸ்ட் ஆகிடுது! பொம்மையை இத்துனூண்டு நகர்த்தி ஒரு போட்டோ, மறுபடி நகர்த்தி ஒரு போட்டோ. இப்படியே முழுப் படம். லேப் ரெக்கார்டு எழுதவே அழறவங்க அவசியம் பார்க்கணும். அப்பத்தாவைப் பக்கத்துல உட்கார வெச்சுப் பாருங்க, உங்களைவிட சத்தமா சிரிப்பாங்க.

போகவா, இருக்கவா?

கடைசி ரெண்டையும் ஜோடியா பாருங்க. ஊரை விட்டு காலேஜுக்கு வந்த ஒவ்வொருத்தரும் ராத்திரி தனக்குத்தானே கேட்டுக்கிற கேள்வி இதுல இருக்கு.

'ஒன்லி யெஸ்டர்டே' - ஜப்பான், 1991. ஜிப்ளி ஸ்டூடியோவோட அனிமேஷன், டைரக்டர் இசாவோ தகஹாதா. டோக்கியோவுல வேலை பார்க்கிற 27 வயசுப் பெண், லீவு போட்டு குசும்பப் பூ பறிக்க கிராமத்துக்குப் போறாங்க. 'ஆஹா, என்ன இயற்கை'ன்னு அவங்க உருகும்போது, இது தானா வந்த அழகு இல்ல, விவசாயிங்க தலைமுறை தலைமுறையா உழைச்சு உண்டாக்கியதுன்னு விளக்குறார் ஒரு இளம் விவசாயி. எங்க படிக்கட்டு வயலும் அப்படித்தான்.

'லுனானா' - பூட்டான், 2019. இது அப்படியே தலைகீழ். ஆஸ்திரேலியா போய்ப் பாடகராகும் கனவில் இருக்கிற வாத்தியாரை, நாள்கணக்கா நடந்து போக வேண்டிய மலைக்கிராமத்துக்கு அனுப்பிடறாங்க. வகுப்பறைக்குள்ளேயே ஒரு யாக் மாடு! ஆஸ்கரின் கடைசி ஐந்துக்குள் நுழைஞ்ச முதல் பூட்டான் படம் இது. நிஜமாவே லுனானாவுக்குப் போய், சோலார் கரன்ட்டுல எடுத்தாங்க. ஒருத்தர் கிராமத்துக்கு வர நினைக்கிறார், ஒருத்தர் ஓட நினைக்கிறார். யார் செய்றது சரின்னு ரெண்டு படமும் தீர்ப்பு சொல்லாது. உங்க பதிலை நீங்கதான் எழுதணும்.

நம்ம ஊர்ல ஒண்ணுகூடவா இல்ல? இருக்கு! லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' (2018). மலையில மூட்டை சுமக்கிற தொழிலாளி, துளி நிலம் வாங்க ஆசைப்படுற கதை. தியேட்டர்ல மிஸ் பண்ணியிருந்தா இப்பவாவது பாருங்க.

இத்தனையும் பார்த்து முடிச்சுட்டு கொடைக்கானல் டூர் போடுங்க. லேக்கோட திரும்பிடாம கவுஞ்சி வரைக்கும் ஏறி வாங்க. பூண்டு வயல்ல குனிஞ்சு நிக்கிற அக்காவைப் பார்த்ததும் கேமராவை நீட்டாதீங்க. முதல்ல, 'இந்த வருஷம் விளைச்சல் எப்படிக்கா?'ன்னு கேளுங்க. பதில் சொல்லி முடிக்கிற வரைக்கும் நின்னு கேட்டா, உங்களுக்கே ஒரு படத்துக்கான கதை கிடைக்கலாம்!