கேள்வி கேட்கும் பிள்ளையை அதட்டாதீர்கள்!

திருவண்ணாமலை தேரடி வீதி. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வரும் ஒரு சிறுமி, ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறாள்.

"இது எவ்வளவு உயரம், அப்பா?"

"சும்மா வா!" என்று அதட்டலாம். "217 அடி" என்று சொல்லியும் விடலாம்.

அதட்டினால், அடுத்த முறை அவள் கேட்கமாட்டாள். விடையை மட்டும் சொன்னால், நாளைக்கே மறந்துவிடுவாள்.

மூன்றாவது வழி உண்டா? உண்டு!

மணலில் வந்த பதில்

1902-ம் ஆண்டு. சிவப்பிரகாசம் பிள்ளை என்பவர் இந்த ஊர் மலைக்கு வந்தார். தத்துவம் படித்தவர். வருவாய்த் துறையில் வேலை. மலைக்குகையில் இருந்த ஓர் இளைஞரிடம், "நான் யார்?" என்று கேட்டார்.

அந்த இளைஞர்தான் ரமண மகரிஷி. அப்போது அவருக்கு வயது 22. அவர் பேசுவதில்லை. மணலிலும் பலகையிலும் எழுதிக் காட்டினார். "நீயே உனக்குள் தேடிப் பார்" என்பதே அந்தப் பதில்களின் சாரம். அவை 1923-ல் "நான் யார்?" என்ற சிறு நூலாக வெளிவந்தன.

அது ஆன்ம விசாரணை. ஆனால் நல்ல ஆசிரியரின் வேலையும் அதுதானே? வழியைக் காட்டுவது ஆசிரியர். நடப்பது மாணவன்!

வகுப்பில் நடக்குமா?

"நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதெல்லாம் முடியுமா?" என்று கேட்கலாம்.

தமிழ்நாடு அதைச் செய்து பார்த்திருக்கிறது. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. 2007-ல் மாநிலமெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு அது பரவியது. பிள்ளைகள் பாயில் குழுவாக அமர்ந்தார்கள். பாட அட்டையைத் தாங்களே எடுத்துப் படித்தார்கள். அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை வைக்கப்பட்டது. ஆசிரியரும் தரையில் அமர்ந்து, தடுமாறிய பிள்ளைக்கு உதவினார்.

ஒரு குச்சி போதும்!

பணம் வேண்டியதில்லை. ஒரு மீட்டர் குச்சியைச் சமதரையில் நேராக நிறுத்தி, அதன் நிழலை அளக்கச் சொல்லுங்கள். நிழல் 2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதே நேரத்தில் தென்னை மரத்தின் நிழல் 24 மீட்டர். அப்படியானால் மரத்தின் உயரம்? 12 மீட்டர்! இதைத் தானே கண்டுபிடித்த பிள்ளை மறக்குமா?

உங்களுக்கே விடை தெரியாவிட்டால் வெட்கப்பட வேண்டாம். "எனக்கும் தெரியாது. வா, சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லுங்கள். தெரியாததை ஒப்புக்கொள்ளும் ஆசிரியரிடம் பிள்ளைகள் பயமின்றிக் கேட்பார்கள்.

தென்னையை அளந்த சிறுமி மறுபடி கோபுரத்துக்கு வருவாள். இப்போது அவளிடம் புதுக் கேள்வி இருக்கும்:

"கோபுரத்தின் அடிப்பாகம் இவ்வளவு அகலமாக இருக்கிறதே! நிழலை எந்த இடத்திலிருந்து அளப்பது?"

விடையை நாம் சொல்லப்போவதில்லை. இன்று ஞாயிற்றுக்கிழமை. வெயிலும் இருக்கிறது. பிள்ளைகளோடு சேர்ந்து நீங்களே யோசித்துப் பாருங்களேன்!