சாலைத்தள நிலைக் குறியீடு

சாலைத்தள நிலைக் குறியீடு என்பது ஒரு சாலையின் மேற்பரப்பு எந்த நிலையில் உள்ளது என்பதை 0 முதல் 100 வரையிலான எண்ணால் குறிக்கும் அளவீடு ஆகும். புதிதாகப் போடப்பட்ட சாலைக்கு 100. முற்றிலும் சிதைந்த சாலைக்கு 0. அமெரிக்க இராணுவப் பொறியாளர் படை 1970களில் இதனை உருவாக்கியது. எந்தச் சாலையை எப்போது, எந்த முறையில் சீரமைப்பது என்று முடிவு செய்ய அமெரிக்காவின் பல உள்ளாட்சி அமைப்புகள் இன்று இதனைப் பயன்படுத்துகின்றன.

கணக்கிடும் முறை

முதலில் நகரின் சாலைகள் அனைத்தும் சிறு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றின் நீளம், அகலம், தளத்தின் வகை, கடைசியாகச் சீரமைத்த ஆண்டு ஆகியவை பதிவு செய்யப்படுகின்றன. பின்னர், ஒவ்வொரு பகுதியிலும் ஏறத்தாழ 2,500 சதுர அடி பரப்புள்ள மாதிரி இடங்களைப் பயிற்சி பெற்றவர்கள் ஆய்வு செய்கின்றனர். முதலைத்தோல் போன்ற வெடிப்பு, சக்கரத் தடத்தில் விழும் பள்ளம், குழி, ஒட்டுப்போட்ட இடம் முதலிய சேதங்களின் வகை, கடுமை, பரப்பு ஆகிய மூன்றும் குறிக்கப்படுகின்றன. இவற்றுக்கு ஏற்ற கழிவு மதிப்பு 100இலிருந்து கழிக்கப்படும். ஒரே இடத்தில் பலவகைச் சேதங்கள் இருந்தால் கழிவு மிகைப்படாதவாறு திருத்தமும் செய்யப்படும்.

மோசமான சாலைக்கு ஏன் முதலிடம் இல்லை?

மிக மோசமான சாலையை முதலில் சரிசெய்ய வேண்டும் என்றுதான் பொதுவாக எவரும் நினைப்பர். ஆனால் பல ஆண்டுத் தரவுகள் வேறொன்றைக் காட்டுகின்றன. தார்ச்சாலை தொடக்க ஆண்டுகளில் மெதுவாகவே தேய்கிறது. வெடிப்புகள் வழியே நீர் இறங்கி அடித்தளம் இளகிய பிறகு, சிதைவு வேகமெடுக்கிறது. நல்ல நிலையில் உள்ள சாலைக்கு வெடிப்புகளை அடைப்பதும் மெல்லிய பூச்சு இடுவதுமே போதும். அடித்தளம் கெட்டுவிட்டால் முழுவதையும் பெயர்த்துப் புதிதாகப் போட வேண்டும். அதற்குப் பல மடங்கு செலவாகும். ஒரு சிதைந்த தெருவைப் புதுப்பிக்கும் பணத்தில் பல நல்ல தெருக்களைக் கெடாமல் காக்கலாம். இருக்கும் பணம் முழுவதையும் மோசமான சாலைகளுக்கே செலவிட்டால், அதற்குள் நல்ல சாலைகளும் கெட்டு, மொத்தச் செலவு பெருகும்.

எடுத்துக்காட்டு: சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதி

கலிபோர்னியாவின் இப்பகுதியில் 9 மாவட்டங்களும் 101 நகரங்களும் உள்ளன. இங்குள்ள பெருநகரப் போக்குவரத்து ஆணையம் 1980களில் 'ஸ்ட்ரீட்சேவர்' என்னும் கணினி நிரலை உருவாக்கி உள்ளாட்சிகளுக்கு வழங்கியது. ஆய்வுத் தரவுகளை உள்ளிட்டால், ஒவ்வொரு சாலையும் வரும் ஆண்டுகளில் எவ்வாறு தேயும் என்பதை அது கணிக்கும். ஒதுக்கீட்டைக் கூட்டினாலோ குறைத்தாலோ என்ன ஆகும் என்பதையும் காட்டும். இதனால் நகர மன்றத்தில் நிதி கேட்கும் பொறியாளர், கணக்கை முன்வைத்துப் பேச முடிகிறது. 2010களில் இப்பகுதிச் சாலைகளின் சராசரிக் குறியீடு 66, 67 என்ற அளவிலேயே இருந்தது. ஆணையத்தின் வகைப்பாட்டில் 60 முதல் 69 வரை 'சுமார்' ஆகும்.

நியாயம் பற்றிய கேள்வி

செலவுக் கணக்கை மட்டும் பார்த்தால், ஏற்கெனவே சிதைந்த தெருக்களில் வாழ்வோர் நெடுங்காலம் காத்திருக்க நேரும். அத்தெருக்கள் ஏழை மக்கள் வாழும் பகுதிகளில் மிகுதியாக இருந்தால், அநீதி கூடுகிறது. இதே விரிகுடாப் பகுதியிலுள்ள ஓக்லாந்து நகரம் 2019இல் 10 கோடி டாலர் மதிப்புள்ள மூன்றாண்டுச் சாலைத் திட்டத்தை ஏற்றபோது இதைக் கருத்தில் கொண்டது. உட்தெருக்களுக்கான நிதியைப் பகிரும்போது, ஒவ்வொரு வட்டாரத்திலும் உள்ள மோசமான தெருக்களின் நீளத்துடன், பின்தங்கிய மக்களின் விகிதமும் கணக்கில் சேர்க்கப்பட்டது.

வரம்புகள்

இக்குறியீடு கண்ணுக்குத் தெரியும் சேதத்தை மட்டுமே அளக்கிறது. அடித்தளத்தின் வலிமையை அறியத் தனிச் சோதனைகள் தேவை. ஆய்வு பழையதானால் கணிப்பும் பிழைபடும். ஆகவே, போக்குவரத்து மிகுந்த முதன்மைச் சாலைகள் பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மீண்டும் ஆய்வு செய்யப்படுகின்றன. குடியிருப்புத் தெருக்களுக்கு இந்த இடைவெளி கூடுதலாக இருக்கும்.